கஸ்த்ர: ஓர் இலத்தீன் படைச்சொல்லைத் தமிழ் இலக்கணத்தின் துணையோடு கற்கும் முறை

பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் வளர்ந்த தமிழர்களுக்குப் படைமுகாம் என்பது வரலாற்றுப் பாடத்தில் மட்டும் படித்த சொல் அன்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயப் படை 1809இல் அல்சூரை ஒட்டிய நிலத்துக்கு இடம் மாறியது. அந்தப் படையை நம்பிய பல தொழில்களோடு தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்த நிலையத்தை நாம் கண்டோன்மென்ட் என்கிறோம், கன்னடர்கள் தண்டு என்கிறார்கள். படையைக் குறிக்கும் அந்தத் தண்டு பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் படைத்தலைவனைக் குறிக்கும் தண்டநாயகனுக்கும் உறவுக்காரன். அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு நண்பரின் வீட்டு மாடியில் நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிறுதோறும் இலத்தீன் படித்து வருகிறோம். சட்டம் படிக்கும் தம்பி ஒருவர், தாவரவியல் ஆசிரியை ஒருவர், தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த ஐயா ஒருவர் என அவரவர்க்கு ஒரு தேவை இருக்கிறது. முகாம் ஊரில் வாழ்வதால் முகாமைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்று நாங்கள் எடுத்துக்கொண்ட சொல்தான் கஸ்த்ர (castra). ஒரு சொல்லின் பிறப்பையும் இலக்கணத்தையும் முழுமையாகப் பிடிப்பது எப்படி என்பதை இந்த ஒரே சொல்லைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

தேவையானவை குறைவு. ஒரு குறிப்பேடு, ஒரு தொடக்கநிலை இலத்தீன் இலக்கண நூல், ஒரு நல்ல அகராதி, இவற்றோடு பள்ளியில் படித்த வேற்றுமைப் பாடம் நினைவில் இருந்தால் போதும். அகராதிக்கு 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியே தொடக்கத்துக்குப் போதுமானது. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. நம்மில் பலர் இலத்தீனை ஆங்கிலத்தின் வழியாகவே அணுகுகிறார்கள். வேற்றுமை உருபுகளை ஏறக்குறைய முற்றிலும் இழந்துவிட்ட ஒரு மொழியின் வழியாக, வேற்றுமை உருபுகளால் நடக்கும் ஒரு மொழியைக் கற்பது வீண் சுமை என்பது என் உறுதியான கருத்து. பெயரின் இறுதியில் வரும் மாற்றமே பொருளைத் தீர்மானிக்கும் என்பதைத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். இலத்தீனில் ஐந்து உயிர்களுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தனித்தனியே உண்டு. உரோமானிய எழுத்து இந்த வேறுபாட்டைத் தானாகக் காட்டாது என்பதால் பாடநூல்கள் நெட்டுயிரின் மேல் ஒரு கோடு இடுகின்றன. தமிழ் எழுத்துக்கு அந்தக் கோடு தேவையில்லை. கஸ்த்ர என்பதன் இறுதி அகரம் குறில் என்பதும், கஸ்த்ரீஸ் என்பதில் ஈகாரம் நெடில் என்பதும் எழுதிய உடனே கண்ணுக்குத் தெரிகின்றன. வல்லினத்தில் ஒலிப்புள்ளதையும் ஒலிப்பற்றதையும் நம் எழுத்து பிரித்துக் காட்டாது என்ற குறை மட்டும் உண்டு. அதை அகராதியில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து அகராதியைத் திறக்கும்போது, முதல் தடை அங்கேயே காத்திருக்கும். கஸ்த்ர என்று தேடினால் அகராதி உங்களைக் கஸ்த்ரும் என்ற ஒருமை வடிவத்துக்கு அனுப்பும். (இறுதியில் உள்ளது நம் உம்மை அன்று, இலத்தீனின் ஒருமை விகுதி.) அங்கே சொல்லின் எழுவாய் வடிவம், ஆறாம் வேற்றுமை விகுதி, பாலைக் குறிக்கும் ஓரெழுத்து ஆகிய மூன்று செய்திகள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். இம்மூன்றையும் ஒரே சொல் போலச் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தனி எழுவாயை மட்டும் நினைவில் வைப்பது பயன் தராது. இலத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிகின்றன. எந்தச் சொல் எந்த வகுப்பு என்பதை ஆறாம் வேற்றுமையே காட்டிக்கொடுக்கும். கஸ்த்ரும் என்பதன் ஆறாம் வேற்றுமை கஸ்த்ரீ. கஸ்த்ர என்ற பன்மைக்கு அது கஸ்த்ரோரும். ஆகவே இது இரண்டாம் வகுப்பு.

பாலைப் பொறுத்தவரை ஒரு பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். தமிழில் திணையும் பாலும் பொருளைப் பார்த்து அமைகின்றன. இலத்தீனில் அவை பெரும்பாலும் சொல்லோடு ஒட்டிப் பிறக்கின்றன. படையைக் குறிக்கும் மூன்று சொற்களைப் பாருங்கள்: பயிற்சி பெற்ற சேனையாகிய எக்ஸெர்கிதுஸ் ஆண்பால், படைப்பிரிவாகிய லெகியோ பெண்பால், அணிவகுத்துச் செல்லும் படையாகிய அக்மென் அலிப்பால், அதாவது ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால். மூன்றிலும் இருப்பவர்கள் அதே வீரர்கள்தாம். கஸ்த்ர அலிப்பாலைச் சேர்ந்தது. நம் அஃறிணையை நினைவில் வைத்தால் இதன் நடத்தை விரைவில் பிடிபடும்.

இனி வேற்றுமைகள். எழுவாய் கஸ்த்ர, இரண்டாம் வேற்றுமையும் கஸ்த்ர, விளியும் அதுவே. ஆறாம் வேற்றுமை கஸ்த்ரோரும். நான்காம் வேற்றுமை கஸ்த்ரீஸ். எஞ்சியிருப்பது, தமிழின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைத் தான் ஒன்றே சுமக்கும் ஒரு வேற்றுமை. அதன் வடிவமும் கஸ்த்ரீஸ். நமக்கு எட்டு, அவர்களுக்கு ஆறு. இந்த வரிகளைக் கையால் பத்து முறை எழுதுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவில் இருப்பது ஆங்கில வழியில் கற்பவர்களை வெகுவாகக் குழப்பும் இடம். நமக்கு அது இயல்பானது. மரம் விழுந்தது என்கிறோம். மரம் வெட்டினான் என்றும் சொல்கிறோம். இரண்டாவது தொடரில் ஐ உருபு மறைந்து நிற்பதை இரண்டாம் வேற்றுமைத்தொகை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அஃறிணைப் பெயர்கள் ஐ உருபை எளிதில் விட்டுவிடுகின்றன. உயர்திணைப் பெயர்கள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. இலத்தீனின் அலிப்பால் இதே போக்கைக் கட்டாய விதியாக்கிவிட்டது: எந்த அலிப்பால் சொல்லிலும் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒன்றே, பன்மையானால் இரண்டும் அகரத்தில் முடியும். இந்த அகரத்தைக் கண்டதும் பல, சில, வந்தன என்ற நம் பலவின்பால் அகரம் நினைவுக்கு வரும். நினைவில் வைத்துக்கொள்ள அது நல்ல துணை. உறவுக்குச் சான்றாக அதைக் கொள்ளக் கூடாது. இரு மொழிகளும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இது தற்செயல் ஒற்றுமை மட்டுமே.

இச்சொல்லின் தனித்தன்மை இதற்குப் பிறகே வருகிறது. ஒருமையில் கஸ்த்ரும் என்றால் கோட்டை, அரண் செய்யப்பட்ட இடம். பெரும்பாலும் ஊர்ப் பெயர்களில் காணப்படுகிறது. பன்மையில் கஸ்த்ர என்றால் ஒரே ஒரு பாசறை. பொருள் ஒருமை, இலக்கணம் பன்மை. பாசறை அரண் செய்யப்பட்டது என்று நாம் ஒருமையில் முடிக்கும் தொடரை உரோமானியர் கஸ்த்ர மூனீத சுன்த் என்று பன்மை வினையால் முடிப்பார்கள். தமிழில் பேசும்போது மாடுகள் மேய்கிறது என்று பன்மைப் பெயருக்கு ஒருமை வினை தருகிறோமே, அதற்கு நேர் எதிரான நிலை இது. மாடுகள் மேய்கிறது என்பதைத் தமிழாசிரியர்கள் திருத்துவார்கள்; பண்டைய கிரேக்கத்திலோ அலிப்பால் பன்மைக்கு ஒருமை வினை தருவதே விதி. அந்த அகர விகுதி மிகப் பழங்காலத்தில் தொகுதியைக் குறித்தது என்று மொழியியலார் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம். கஸ்த்ரவின் பன்மையையும் அரண்கள் பல சேர்ந்த ஒரு தொகுதி என்று எண்ணிக்கொண்டால் மனம் எளிதாக ஏற்கிறது.

அப்படியானால் இரண்டு பாசறைகளை எப்படிச் சொல்வது? இங்கேதான் நான் ஓராண்டு முழுவதும் தவறாக எழுதிக்கொண்டிருந்தேன். துவோ என்ற வழக்கமான எண்ணுப்பெயரை இட்டுத் துவோ கஸ்த்ர என்றால் இரண்டு கோட்டைகள் என்று பொருளாகிவிடும். பன்மையில் மட்டும் வழங்கும் பெயர்களுக்கு இவ்விரண்டு, மும்மூன்று என்பது போன்ற பங்கீட்டு எண்களை இலத்தீன் பயன்படுத்துகிறது: பீன கஸ்த்ர என்றால் இரண்டு பாசறைகள், த்ரீன கஸ்த்ர என்றால் மூன்று. ஒன்றுக்கு மட்டும் ஊன கஸ்த்ர என்று ஒன்று என்ற எண்ணையே பன்மையாக்கிவிடுகிறார்கள். ஒன்று என்ற எண்ணுக்கும் பன்மை உண்டு என்று அறிந்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

இன்னொரு பொறி, இறுதி அகரத்தைப் பார்த்து இதை முதல் வகுப்புப் பெண்பால் ஒருமை என்று நினைத்துவிடுவது. எங்கள் குழுவில் அனைவரும் ஒருமுறையாவது கஸ்த்ரை என்ற இல்லாத ஆறாம் வேற்றுமையை எழுதியிருக்கிறோம். அகராதியில் பால் குறியைப் படிக்காமல் தாண்டினால் இத்தவறு நேரும்.

வடிவங்கள் கைவந்த பிறகு அவற்றைத் தொடர்களில் வைத்துப் படிக்க வேண்டும், ஏனெனில் சொல் தனியாக நிற்கும்போது கஸ்த்ரீஸ் நான்காம் வேற்றுமையா மற்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன் கஸ்த்ரீஸ் என்றால் பாசறையில். எக்ஸ் கஸ்த்ரீஸ் என்றால் பாசறையிலிருந்து. ப்ரோ கஸ்த்ரீஸ் என்றால் பாசறைக்கு முன்னே. ஆனால் உள்ளே நுழையும் இயக்கம் இருந்தால் அதே இன் இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும்: இன் கஸ்த்ர, பாசறைக்குள். இருப்பையும் இயக்கத்தையும் இல் என்றும் குள் என்றும் நாம் பிரிப்பதுபோல அவர்கள் வேற்றுமையை மாற்றிப் பிரிக்கிறார்கள். கஸ்த்ரீஸ் பொசிதீஸ் என்ற இரண்டே சொற்களுக்குப் பாசறை இடப்பட்டபின் என்று பொருள். தன் எழுவாயைத் தானே வைத்துக்கொண்டு முதன்மை வாக்கியத்தோடு தளர்வாக இணையும் இந்த அமைப்பை, மழை பெய்து பயிர் விளைந்தது என்ற நம் வினையெச்சத் தொடரை மனத்தில் வைத்துப் படித்தால் தடையே இருக்காது.

வினைகளில் இரண்டைக் கட்டாயம் கற்க வேண்டும். கஸ்த்ர போனெரெ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பாசறையை வைத்தல் என்று பொருள். கஸ்த்ர மொவேரெ என்றால் பாசறையைப் பெயர்த்தல், அதாவது படை புறப்படுதல். முதலாவதற்குத் தமிழில் அழகான நேர்ச்சொல் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கினார்கள் என்று படிக்கிறோமே, அந்தப் பாளயமிறங்குதல்தான் இது. முகாமிட்டனர் என்று எழுதுவதைவிட இச்சொல்லை மொழிபெயர்ப்பில் மீட்டெடுப்பது நல்லது என்று எங்கள் பாடகர் ஐயா சொல்வதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

உரோமானியப் படை பகைவர் நிலத்தில் ஒவ்வொரு நாள் நடையின் முடிவிலும் அகழி தோண்டி, மண்மேடு எழுப்பி, முளைகள் நட்டுப் பாசறை அமைத்த பிறகே உறங்கியது. இதை அறியாவிட்டால் ஒரு மரபுத்தொடர் புரியாது. கி.மு. 52இல் கெர்கொவியா என்ற ஊரை யூலியுஸ் கைசர் (நாம் ஜூலியஸ் சீசர் என்பவர்) க்வீன்தீஸ் கஸ்த்ரீஸ் அடைந்தார் என்று அவரே எழுதுகிறார். ஐந்தாம் பாசறையில் என்பதுதான் நேர்ப்பொருள். ஐந்தாம் நாள் நடையில் என்பது கருத்து. நாளுக்கு ஒரு பாசறை என்பதால் பாசறையே தொலைவின் அளவாகிவிட்டது. இரண்டு கல் தொலைவு, கூப்பிடு தூரம் என்றெல்லாம் நாம் அளந்தது போன்றதே இது.

பாசறையின் அமைப்பைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். சதுர வடிவம், தளபதியின் கூடாரத்தை முதலில் குறித்துவிட்டு அதிலிருந்து அளந்து இடும் நேர்த் தெருக்கள், நாற்புறமும் அரண். கூடாரங்களுக்கும் அரணுக்கும் இடையே 200 அடி வெற்றிடம் விடுவார்கள். படை நெரிசலின்றி வெளியேறவும், பகைவர் எறிவன கூடாரங்களை எட்டாதிருக்கவும் அது உதவியது. அரண் என்பதற்கு வல்லும் என்று பெயர். அரண்களுக்கு இடைப்பட்ட வெளி இன்டெர்வல்லும். திரையரங்கில் பாதிப் படம் முடிந்ததும் நாம் சொல்லும் இன்டர்வெல் அங்கிருந்து வந்தது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அந்த வீரர்களில் எவராவது ஒரு கஸ்த்ரவில் உறங்கி எழுந்தவராக இருந்திருப்பாரோ என்று என் மனம் ஓடும்.

இனிச் சொல்லின் பிறப்பு. இங்கே முதல் வேலை சொல்லைச் சரியான இடத்தில் முறிப்பது. கஸ்த்ரும் என்பதைக் கஸ் என்றும் த்ரும் என்றும் பிரிக்க வேண்டும். த்ரும் என்பது செயலுக்கான கருவியையோ இடத்தையோ குறிக்கும் பழைய விகுதி. அராரெ என்றால் உழுதல், அராத்ரும் என்றால் ஏர். க்லவுதெரெ என்றால் மூடுதல், க்லவுஸ்த்ரும் என்றால் தாழ்ப்பாள். இதே விகுதி வடமொழியில் த்ர என்று நிற்கிறது. அதன் வழியாக நம் அன்றாடச் சொற்களிலும் குடியிருக்கிறது. குடிப்பதற்கானது பாத்திரம், உடுப்பதற்கானது வஸ்திரம், வழிகாட்டுவது நேத்திரம்.

கஸ் என்ற பகுதிக்கு வெட்டுதல் என்ற பொருளைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் தருகிறார்கள். வெட்டிப் பிரிக்கப்பட்ட நிலம் என்பதிலிருந்து அரணிட்ட இடம் என்ற பொருள் வளர்ந்தது என்பது அவர்கள் விளக்கம். விதையடித்தலைக் குறிக்கும் கஸ்த்ராரெ என்ற வினையும் இந்த வேரினதே. வடமொழியில் இதற்கு இணை, வெட்டுதலைக் குறிக்கும் சஸ் என்ற வேரும் அதிலிருந்து பிறந்த சஸ்திரமும். இலத்தீனில் ககரமாக நிற்கும் ஒலி வடமொழியில் சகரமாக வருவதற்கு நூறு என்ற எண்ணே நல்ல சான்று: அங்கே கென்தும், இங்கே சதம். நூற்றுவர் தலைவனாகிய கென்துரியோவும் கிரிக்கெட் ஆட்டக்காரர் அடிக்கும் சதமும் அப்படித்தான் உறவாகின்றன. ஆகவே கஸ்த்ரவின் உறவினரைத் தமிழில் தேடினால், அறுவை மருத்துவத்தைச் சத்திர சிகிச்சை என்கிறோமே, அந்தச் சத்திரத்தில்தான் காண வேண்டும்.

வழிப்போக்கர் தங்கும் சத்திரம் வேறு. படை தங்குவது கஸ்த்ர, பயணி தங்குவது சத்திரம் என்று ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்துபோகாதவர்கள் குறைவு. அது வேள்வியையும் அறச்சாலையையும் குறித்த ஸத்ர என்ற வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு பிறப்பை முடிவு செய்யும் பழக்கம் பெரியோரையும் விட்டதில்லை. ஏழாம் நூற்றாண்டில் செவில்லின் ஆயர் இசிதோர், வீரர்களின் இச்சை அங்கே அறுக்கப்படுவதால் கஸ்த்ர என்று பெயர் வந்ததாக எழுதினார். வேரை ஒருவாறு தொட்டுவிட்டு, காரணத்தைக் கற்பித்துக்கொண்டார். நீங்கள் ஒரு பிறப்பை ஏற்கும் முன் விகுதி பொருந்துகிறதா, அதே ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் நிகழ்கிறதா, பொருள் நகர்ந்த வழி நம்பத்தக்கதா என்ற மூன்றையும் கேளுங்கள். இதே எச்சரிக்கை கேம்ப் என்ற சொல்லுக்கும் பொருந்தும்: அது வெளிநிலத்தைக் குறிக்கும் கம்புஸ் என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. கண்டோன்மென்ட், மூலையையும் பகுதியையும் குறித்த கான்டன் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மூன்றும் முகாமையே குறித்தாலும் மூன்றுக்கும் வேர் வேறு.

வழித்தோன்றல்களைத் தேடுவது இம்முயற்சியின் இனிய பகுதி. சிறுமை விகுதி சேர்ந்து கஸ்தெல்லும் ஆகி, ஆங்கிலத்தின் காசில், பிரெஞ்சின் ஷாத்தோ என்ற சொற்களைத் தந்தது. கஸ்த்ரும் என்ற மூலச்சொல்லே கிரேக்கர் வழியாக அரபிக்குச் சென்று அரண்மனையைக் குறிக்கும் கஸ்ர் ஆனது; அதன் பன்மைதான் எகிப்தின் லக்ஸர் என்ற ஊர்ப்பெயர், ஸ்பெயினின் அல்காசரும் அதே சொல். பெயரடையாகிய கஸ்த்ரென்ஸிஸ் உரோமச் சட்டத்தில் வாழ்ந்தது. தந்தையின் ஆளுகையில் இருந்த மகன் ஈட்டியதெல்லாம் தந்தைக்கே உரியது என்ற நாளில், படைத்தொழிலில் ஈட்டியது மட்டும் மகனுக்கே என்று பேரரசர் அகுஸ்துஸ் காலம் முதல் அனுமதித்தார்கள். அதற்குப் பெகூலியும் கஸ்த்ரென்ஸெ என்று பெயர். எங்கள் சட்ட மாணவத் தம்பி இலத்தீன் படிக்க வந்ததே இத்தொடரைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளத்தான்.

இங்கிலாந்தில் செஸ்டர், லங்காஸ்டர், மான்செஸ்டர் என்ற ஊர்கள் உரோமானியப் பாசறைகளின் நினைவைப் பெயரில் சுமக்கின்றன. நம் பாளையமும் அப்படித்தான் முகாமைக் குறித்துத் தொடங்கி ஊர்ப்பெயரின் ஈறாகத் தங்கிவிட்டது: மேட்டுப்பாளையம், இராசபாளையம், பெங்களூரிலேயே முனிரெட்டிபாளையா, சுப்பையனபாளையா. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று புகழ்ந்தவர்கள், பாளையங்கள் நிறைந்த ஒரு நாட்டுக்கு இன்னொரு பாளையத்தின் பெயரைச் சூட்டினார்கள் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

பயிற்சிக்காக நான் அமைத்த ஒரு வாக்கியம் இது: மீலிதேஸ் எக்ஸ் பீனீஸ் கஸ்த்ரீஸ் இன் ஊன கஸ்த்ர கொன்வேனேருன்த். மீலிதேஸ் என்பது வீரர்கள். இறுதிச் சொல் ஒன்றுகூடினார்கள் என்ற வினை. ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமையைக் குறித்துவிட்டு, முழுப்பொருளையும் எழுதிப் பாருங்கள். இரண்டு பாசறைகளிலிருந்து வீரர்கள் ஒரே பாசறைக்குள் வந்து சேர்ந்தார்கள் என்று உங்களுக்கு வந்திருந்தால், ஆயுதங்களைக் குறிக்கும் அர்ம, குளிர்காலப் பாசறையைக் குறிக்கும் ஹீபெர்ன, படையின் சுமைகளைக் குறிக்கும் இம்பெதீமென்த என்ற மூன்று சொற்களையும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் அகரத்தில் முடியும் அலிப்பால் பன்மைகளே. ஆனால் ஒன்று மட்டும் இரண்டாம் வகுப்பாகத் தோன்றாமல் மூன்றாம் வகுப்பாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், ஆறாம் வேற்றுமையைப் பார்த்து நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.